பார்வையற்றவருக்கு ஜும்ஆ கடமையா? கருவிகள் வந்துவிட்ட காலத்தில் ஒரு பழைய மஸ்அலா

 



பார்வையற்ற ஒருவர் மீது ஜும்ஆ கடமையா? அரபிக் கல்லூரியில் ‘நூருல் ஈளாஹ்’ ஓதும் மாணவனுக்கே இந்த மஸ்அலா தெரியும். ஜும்ஆ கடமையாவதற்கான நிபந்தனைகளை எண்ணும்போது, கண்கள் நலமாக இருப்பதையும் அதில் சேர்த்திருப்பார்கள். மாணவர்கள் மனனம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். கண் தெரியாதவருக்கு ஜும்ஆ கடமையில்லை, வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளலாம் என்பதோடு விஷயம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

ஆனால் இன்று பார்வையற்றவர்கள் கையிலும் காலிலும் கண்ணிலும் அணிந்துகொண்டு, யாருடைய துணையும் இல்லாமல் நடந்து போவதற்கான கருவிகள் வந்துவிட்டன. “ஹழ்ரத், மெஷின் வழி சொல்கிறதே, இனி அவர்கள் மீது ஜும்ஆ கடமையாகிவிடுமா?” என்று நம் மஹல்லாவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் இதற்குப் பதில் தேடினால், கேள்வி அவர்களை விட்டுவிட்டு நம்மை நோக்கித் திரும்புகிறது. அதைத்தான் இன்று பேச வேண்டும்.

முதலில் அந்தக் கருவிகள் என்ன செய்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

வெள்ளைக் கைத்தடியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது தரையில் இருப்பதைக் கண்டுபிடிக்கும். படி, பள்ளம், கல், சாக்கடை எல்லாம் தடியின் நுனிக்குத் தெரியும். ஆனால் இடுப்புக்கு மேலே இருப்பது தெரியாது. லாரியின் பின்பக்கம், திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, தாழ்வாகக் கட்டிய பேனர் கம்பு இவற்றின் அடியில் தடி சுதந்திரமாகப் போய்விடும். நெற்றிதான் போய் மோதும். இந்தக் குறையைச் சரிசெய்ய டெல்லி ஐஐடியில் ‘ஸ்மார்ட்கேன்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். 2014-இல் அது வெளிவந்தது. தயாரித்தது நம் சென்னையில் உள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 3000 ரூபாய். தடியின் கைப்பிடியில் அதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அது முன்னால் அனுப்பும். அந்த ஒலி எதிலாவது பட்டுத் திரும்பினால் கைப்பிடி அதிரும். வவ்வால் இருட்டில் பறப்பதற்கு அல்லாஹ் கொடுத்த அதே ஏற்பாடுதான். சுமார் 3 மீட்டர் தூரத்தில் உள்ள தடையை, அதிலும் முழங்காலுக்கு மேலே தலை உயரம் வரை உள்ளதை, முன்கூட்டியே சொல்லிவிடும்.

அதே 2014-இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த டூசேர் என்ற நிறுவனம் ‘லேச்சல்’ என்ற பாதணியை அறிமுகப்படுத்தியது. இந்தியில் ‘அழைத்துப் போ’ என்று பொருள். செல்போனில் போக வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டால், இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடது கால் அதிரும், வலது பக்கம் என்றால் வலது கால். பிறகு கேமரா பொருத்திய கண்ணாடிகள் வந்தன. எதிரே உள்ள பெயர்ப்பலகையை வாசித்துக் காதருகே சொல்லும். இதில் நுணுக்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. பார்வையற்றவருக்குக் காதுதான் பாதி வழிகாட்டி. வண்டி எந்தப் பக்கம் வருகிறது, சந்து எங்கே திறக்கிறது என்பதெல்லாம் காதால்தான் அறிகிறார். அந்தக் காதை அடைத்து இயர்போன் மாட்டிவிட்டால் உதவியே ஆபத்தாகிவிடும். அதனால்தான் காதை மூடாமல், கன்னத்து எலும்பு வழியாகவோ காதுக்கு வெளியிலிருந்தோ ஒலி கொடுக்கும் கருவிகளை அவர்கள் விரும்புகிறார்கள். கண் உள்ளவன் உட்கார்ந்து யோசித்தால் இது தோன்றாது. துருக்கியில் ‘வீவாக்’ என்ற ஸ்மார்ட் கைத்தடியை உருவாக்கியவர்களில் ஒருவரான குர்ஷத் ஜெய்லான் பார்வையற்றவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

நபி (ஸல்) அவர்களிடம் பார்வையற்ற ஒரு ஸஹாபி வந்து, பள்ளிக்கு அழைத்து வர எனக்கு ஆள் இல்லை, வீட்டிலேயே தொழுதுகொள்ள அனுமதி வேண்டும் என்று கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அனுமதி கொடுத்தார்கள். அவர் திரும்பிப் போகும்போது மறுபடி அழைத்து, பாங்கு சப்தம் கேட்கிறதா என்று கேட்டார்கள். கேட்கிறது என்றார். அப்படியானால் அதற்குப் பதில் கொடுங்கள், வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அபூதாவூதின் அறிவிப்பில் அந்த ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என்று பெயரோடு வருகிறது. அவர் சொன்ன காரணங்களும் வருகின்றன. வீடு தூரம். மதீனாவின் வழியில் விஷப் பூச்சிகளும் மிருகங்களும் அதிகம். இன்னொன்றும் சொன்னார்கள்: எனக்கு ஒரு வழிகாட்டி இருக்கிறார், ஆனால் அவர் எனக்கு ஒத்துவரவில்லை.

இந்த மூன்றாவது காரணத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஆள் இருக்கிறார். கை பிடிக்கிறார். ஆனாலும் சரிப்படவில்லை. ஏன் சரிப்படவில்லை என்று ஹதீஸில் இல்லை, நாமாகச் சேர்க்கவும் கூடாது. ஆனால் இன்னொருவர் கையை எதிர்பார்த்து வாழும் ஒவ்வொருவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். நம் மஹல்லாவில் ஒரு சகோதரர் இருக்கிறார். பெயர் வேண்டாம். பல வருடங்கள் அண்ணன் மகன் கையைப் பிடித்து பள்ளிக்கு வந்தவர். பையன் நல்லவன்தான். ஆனால் அவனுக்குப் பரீட்சை வரும், தூக்கம் வரும், கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். பாங்கு சொன்னதும் இவர் ஒளு செய்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். சில நாள் தக்பீர் கிடைக்கும், சில நாள் கடைசி ரக்அத், சில நாள் ஒன்றும் இல்லை. “பையன் மேல தப்பு சொல்லல ஹழ்ரத். ஆனா நான் தொழுறதும் தொழாததும் அவன் நேரத்துல இருக்கு” என்று ஒருமுறை சொன்னார். இமாம் என்ற முறையில் இந்த வார்த்தையை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

இந்த ஹதீஸை வைத்து உலமாக்கள் நீண்ட ஆய்வு செய்திருக்கிறார்கள். பார்வையற்றவருக்குச் சிரமம் இருந்தால் ஜமாஅத்துக்கு வராமல் இருக்க அனுமதி உண்டு என்பதே பெரும்பான்மையோரின் கருத்து. இப்னு உம்மி மக்தூம் (ரலி) கேட்டது, வீட்டில் தொழுதாலும் ஜமாஅத்தின் முழு நன்மை கிடைக்குமா என்பதை. அதற்குத்தான் அப்படிப் பதில் வந்தது என்று அவர்கள் விளக்கம் சொல்வார்கள். ஏனென்றால் இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் சம்பவமும் புகாரியில் இருக்கிறது. அவரும் பார்வை குன்றியவர். மழை வந்தால் இடையில் உள்ள ஓடை பெருகி வழி அடைபட்டுவிடும். அவருக்கு அனுமதி கிடைத்தது. அதோடு நபி (ஸல்) அவர்கள் தாமே அவர் வீடு தேடிப் போய், எந்த இடத்தில் தொழ விரும்புகிறீர் என்று கேட்டு, அங்கே தொழுது காட்டினார்கள். பாதை அடைபட்டவரிடம் நபியே நடந்து போனார்கள்.

ஜும்ஆ விஷயத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம், வழிகாட்டி கிடைத்தாலும் பார்வையற்றவர் மீது ஜும்ஆ கடமையில்லை. அவர்களின் இரு மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரிடமும் வழிகாட்டி கிடைத்தால் கடமை. ஷாஃபிஈ மத்ஹபிலும், இலவசமாக ஒரு வழிகாட்டி கிடைத்தாலோ, நியாயமான கூலி கொடுத்து ஒருவரை அமர்த்த வசதி இருந்தாலோ கடமை.

இதுவரை எல்லாம் வழிகாட்டியைச் சுற்றியே வருகிறது. ஆனால் இமாம் நவவீ (ரஹ்) ‘அல்மஜ்மூஃ’ நூலில் இன்னொரு கருத்தையும் பதிவு செய்கிறார்கள். காழீ ஹுஸைன், முதவல்லீ ஆகிய இருவரும் சொன்னது அது: வழிகாட்டி இல்லாமலேயே கைத்தடியை வைத்து நன்றாக நடக்கத் தெரிந்தவராக இருந்தால் அவர் மீது ஜும்ஆ கடமை. காழீ ஹுஸைன் வஃபாத்தானது ஹிஜ்ரி 462. ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்னால், பார்வையற்ற ஒருவர் தடியை மட்டும் நம்பித் தனியாக நடப்பதை ஒரு ஃபகீஹ் பார்த்திருக்கிறார், அதை ஒரு தகுதியாக மதித்துச் சட்டம் பேசியிருக்கிறார்! ஹனஃபீ மத்ஹபில் பிற்காலத்தில் வந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) (வஃபாத் ஹிஜ்ரி 1252) ‘ரத்துல் முஹ்தாரில்’ இதே திசையில் எழுதுகிறார்கள். கடைத்தெருவில் துணையில்லாமல் நடமாடுகிறார், வழிகள் தெரிகிறது, எந்தப் பள்ளிக்குப் போக நினைக்கிறாரோ அதற்கு யாரையும் கேட்காமல் போய்ச் சேர்கிறார் என்றால் அத்தகையவர் மீது ஜும்ஆ கடமை என்பதே தமக்குத் தோன்றுகிறது என்கிறார்கள்.

இதிலிருந்து என்ன புரிகிறது? ஃபுகஹாக்கள் கண்ணை மட்டும் அளக்கவில்லை. சிரமத்தை அளந்திருக்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை அந்த மனிதர் போய்ச் சேர என்ன பாடு படுகிறார் என்பதே கணக்கு. ஆகவே அந்தச் சகோதரர் கேட்டதற்கு என் பதில் இது: ஒரு கருவியை வாங்கி மாட்டிக்கொண்டதால் மட்டும் சட்டம் மாறிவிடாது. அந்தக் கருவியோடும் தடியோடும் பயிற்சியோடும் பெரிய சிரமம் இல்லாமல் போய்வர முடிகிறது என்ற நிலை வந்துவிட்டால், மேலே சொன்ன இமாம்களின் கருத்துப்படி அவர் ஜும்ஆவுக்கு வர வேண்டியவர்தான். சார்ஜ் இறங்கிவிட்டது, மழை, தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்றால் சலுகை அப்படியே திரும்பி வந்துவிடும். தன்னால் முடிகிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். ஜமாஅத் தலைவரும் வீட்டாரும் இமாமும் அவருக்காக முடிவு செய்ய முடியாது.

இப்போது கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. சிரமம்தான் அளவுகோல் என்றால், அந்தச் சிரமத்தை உண்டாக்குவது யார்?

நான் சொன்ன அந்தச் சகோதரர் இப்போது தடியில் அதிரும் கருவியைப் பொருத்திக்கொண்டு தனியாக வருகிறார். சுபுஹுக்கு அநேகமாக முதல் ஸஃப்பில் இருப்பார். ஆனால் ஜும்ஆ அன்று அவருக்குச் சிரமம். சுபுஹ் இருட்டில் பிரச்சனை இல்லாதவருக்குப் பட்டப்பகலில் பிரச்சனை! காரணம் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை நம் பைக்குகள் எல்லாம் பள்ளி வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன. கருவி உண்மையைத்தான் சொல்கிறது: முன்னால் தடை, பக்கத்திலும் தடை. தடை இருக்கிறது என்று சொல்லும், அதை நகர்த்திவைக்காது. படியேறி வந்தால் இருநூறு ஜோடிச் செருப்பு. தடி அதில் சிக்கும், செருப்பை உருட்டும். ‘பார்த்து வாங்க பாய்’ என்று ஒரு குரல் வரும். யாரைப் பார்த்து எதைச் சொல்கிறோம்!

1967-இல் ஜப்பானின் ஒகயாமா நகரில், செய்இச்சி மியாகே என்பவர் உருவாக்கிய புடைப்புக் கற்களைப் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே சாலையில் பதித்தார்கள். காலால் தடவி வழி அறிவதற்கு. இன்று சென்னை மெட்ரோ நிலையங்களிலும் அந்த மஞ்சள் கற்களைப் பார்க்கலாம். பேட்டரி தேவையில்லை, சார்ஜ் தேவையில்லை. அப்படிப்பட்ட கல்லின் மேல் ஒருவன் வண்டியை நிறுத்தினால் அது வெறும் தரை. கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் கடைசிப் பத்தடி நம் கையில்தான் இருக்கிறது. செல்போனின் ஜிபிஎஸ் பள்ளியைச் சில மீட்டர் துல்லியத்தில்தான் காட்டும். வாசல் எது, மதில் எது என்று அதற்குத் தெரியாது.

பார்வையற்றவரைப் பாதையிலிருந்து திசைதிருப்புபவனை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. வேண்டுமென்றே தவறான வழி காட்டுபவனைப் பற்றியது அது. பைக்கை நிறுத்துபவர் அந்த எண்ணத்தில் நிறுத்தவில்லை, அவரை அந்தச் சாபத்தில் சேர்க்க நான் துணியமாட்டேன். ஆனாலும் விளைவு ஒன்றுதானே? ஒருவர் தன் வழியை விட்டு நடுரோட்டில் இறங்கிச் சுற்றி வருகிறார். அப்படி வந்துவந்து சலித்துப்போய் அடுத்த வாரம் அவர் வரவில்லை என்றால், அவருக்குச் சலுகை இருக்கிறது, அவர் தப்பித்துக்கொண்டார். அந்தச் சிரமத்தை உண்டாக்கியவருக்கு என்ன சலுகை இருக்கிறது? ஃபிக்ஹு கிதாபுகளில் நான் தேடினேன், அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிலருக்கு இவர் தனியாக வருவது பிடிக்கவில்லை. ‘பாவம், ஏன் தனியா விடுறாங்க’ என்று என்னிடமே கேட்டார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் கை பிடித்து நன்மை சம்பாதிக்கும் நமக்கு அந்தக் கை எப்போதும் நீட்டியபடியே இருக்க வேண்டும் என்ற ஆசையும் உள்ளே ஒளிந்திருக்கலாம். ஏழை ஏழையாகவே இருந்தால்தான் நம் ஸதகாவுக்கு இடம் கிடைக்கும் என்று நினைப்பது போல. ஸூரா அபஸ இறங்கிய காரணத்தைப் பாருங்கள். அந்தப் பார்வையற்ற ஸஹாபி விரைந்து வந்தார் என்றே அல்லாஹ் அங்கே குறிப்பிடுகிறான். கல்வியைத் தேடித் தாமாக வந்தவர் என்ற மதிப்போடு.

அதே இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள்தான் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவர். ரமழானில் பிலால் (ரலி) அவர்களின் பாங்கு கேட்டால் ஸஹர் உணவை நிறுத்த வேண்டாம், இப்னு உம்மி மக்தூமின் பாங்கு வரை சாப்பிடலாம் என்று நபி (ஸல்) சொன்னார்கள். கண் தெரியாதவர் விடியலை எப்படி அறிவார்? விடிந்துவிட்டது என்று மக்கள் அவரிடம் சொல்வார்கள், பிறகு பாங்கு சொல்வார். ஊரார் அவருக்குக் கண்ணாக இருந்தார்கள், ஊருக்கே அவர் நேரம் சொன்னார். நபி (ஸல்) பயணம் புறப்பட்டபோது மதீனாவின் பொறுப்பையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அவரிடம் ஒப்படைத்தார்கள். யார் உதவியும் இல்லாமல் வாழ்ந்தார் என்று சொல்ல மாட்டோம். உதவி பெற்றார், பொறுப்பும் சுமந்தார்.

எனவே கை பிடிக்கும் நன்மை போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். பார்வை குன்றியவருக்காக உன் பார்வையைப் பயன்படுத்துவதும் ஸதகா என்ற கருத்தில் திர்மிதீயில் ஹதீஸ் இருக்கிறது. அதற்கு இன்று வாசல் பெருகித்தான் இருக்கிறது. டென்மார்க்கில் 2015-இல் தொடங்கிய ‘பி மை ஐஸ்’ என்ற செயலி இருக்கிறது. பார்வையற்ற ஒருவர் செல்போன் கேமராவைத் திருப்பி, இது எந்தக் கட்டடம், இந்த மருந்து எது என்று கேட்பார். உலகில் எங்கோ இருக்கும் தன்னார்வலர் பார்த்துச் சொல்வார். இப்போது சில ஸ்மார்ட் கண்ணாடிகளோடும் அது இணைந்துவிட்டது. இரவு முழுக்க போனைத் தடவும் நம் இளைஞர்கள் அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர் தெரியாத ஒருவருக்குக் கண்ணாக இரண்டு நிமிடம் இருக்கலாம்.

தெருவில் பார்த்தால் திடீரென்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் எண்ணிவைத்திருக்கும் திசை குழம்பிவிடும். முதலில் ஸலாம் சொல்லுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், உதவி வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், கோபம் வேண்டாம். ஆனால் ஆபத்து என்றால் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பார்வையற்றவர் கிணற்றில் விழப்போவதைக் கண்டால் குத்பா நேரத்திலும் வாய்திறந்து எச்சரிக்க வேண்டும், தொழுகையை முறித்தாவது காப்பாற்ற வேண்டும் என்று நம் ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். மூடாத சாக்கடையும் ஒரு கிணறுதான். முன்னோக்கி ஒலி அனுப்பும் கருவிக்குப் பள்ளம் சரியாகப் பிடிபடாது. அதனால்தான் கருவி வந்த பிறகும் அவர்கள் தடியைக் கீழே வைப்பதில்லை.

கேமரா கண்ணாடி அணிந்து ஒருவர் பள்ளிக்கு வந்தால் ‘வீடியோ எடுக்கிறார்’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். அது அவருக்குத் தடி மாதிரி. அதே சமயம் மற்றவர்களின் முகமும், குறிப்பாகப் பெண்களின் முகமும், பதிவாகிச் சேமிக்கப்படாமல் பார்த்துக்கொள்வது அணிபவரின் பொறுப்பு.

பைத்துல்மாலிலிருந்து இத்தகைய கருவி வாங்கிக் கொடுக்கலாமா என்று நிர்வாகிகள் கேட்டிருந்தார்கள். ஸகாத் பணம் என்றால் அவர் ஸகாத் பெறத் தகுதியான ஏழையாக இருக்க வேண்டும், பொருளை அவருக்கே சொந்தமாக்கிவிட வேண்டும். பள்ளிக்குச் சொந்தம், இரவல் தருகிறோம் என்றால் ஸகாத் நிறைவேறாது. அதற்கு ஸதகா நிதியைப் பயன்படுத்துங்கள். வாங்குவதற்கு முன் அவரைக் கேளுங்கள். விலை உயர்ந்த கண்ணாடியை நாமே தேர்ந்தெடுத்துப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் அது பீரோவில் கிடக்கும். அவருக்கு ஒருவேளை நல்ல தடியும், அதை வைத்து நடக்க இரண்டு மாதப் பயிற்சியும்தான் தேவையாக இருக்கும்.

அடுத்த ஜும்ஆவிலிருந்து நம் பள்ளியின் வடக்கு வாசலில் எந்த வண்டியும் நிற்காது. செருப்புக்கு அலமாரி தெற்குப் பக்கச் சுவரோரம் வைக்கப்படுகிறது. வடக்குப் படிகள் காலியாக இருக்க வேண்டும். மோதினார் கவனித்துக்கொள்வார், ஆனால் அவர் ஒருவரால் இருநூறு ஜோடியை நகர்த்த முடியாது.

அல்லாஹ் நம் பள்ளிக்கு வரும் ஒவ்வொருவரின் பாதையையும் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.